கமராவுக்கு வைத்த பொட்டு

மடுல்கெல்ல
29.02.2024

பிரதீஸ் அவர்களுக்கு,

ஆமாம், பேரைத்தான் எழுதியிருக்கிறேன். இருக்கிற கோபத்தில் 'என்னங்க' என்று எழுதக் கை வரவில்லை.

நான் போனை எடுப்பதில்லை என்று நாடகக் குழுவின் வான் ஓட்டுகிற காளிமுத்து அண்ணனிடம் குறை சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அம்மாவின் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது என்பது உங்களுக்குப் புதிய செய்தியா? பேச வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே நின்று உங்களோடு சண்டை பிடித்தால் கொழுந்து எடுக்கிற சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை கண்டி மண்டபத்தில் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சேதுராமன் சேர் சொன்னாராம். நாடகத்தை எழுதி நடத்துகிறவர் அவர், சரி. என் கமராவுக்கும் அவரா பெரியவர்?

நடந்தது என்ன? கடைசிக் காட்சி. ரயில்வே கேட்காரனாக நீங்கள் லாந்தரோடு நிற்கிறீர்கள். மகன் வருவான் என்று காத்திருந்த கடைசி ரயில் நிற்காமல் போகிறது. மண்டபத்தில் அந்த லாந்தரைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அந்த நேரம் பார்த்து என் கமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து உங்கள் முகத்தில் அடித்தது. நீங்கள் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தீர்கள். சனம் சிரித்தது. மட்டக்களப்பு நாடக விழாவுக்கு நாடகம் தேடி வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். பாவம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நான் பிளாஷ் அடித்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாளாவது நான் மேடையைப் பார்த்துப் பிளாஷ் அடித்திருக்கிறேனா? அது தூரம் பார்க்கிற விளக்கு. இருட்டில் கமராவுக்குக் கண் தெரியாவிட்டால் தானாக எரியும். அதை அணைக்கிற இடம் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஜப்பானில் இருந்து வந்த பழைய கமரா, உள்ளே இருப்பதெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒருமுறை தேடப் போய் ஒரு பூப்புனித விழாவின் படம் முழுக்க அழிந்தது. அன்றிலிருந்து அந்த விளக்கின் மேல் என் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுகிறேன். நீங்களே கேலி செய்வீர்களே, "ஒங் கமராவுக்கும் திருஷ்டிப் பொட்டா புள்ள?" என்று. அந்தப் பொட்டு சனிக்கிழமை வியர்வையில் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

இன்னொன்று. நான் ஞாயிறு காலை கிளம்பி வந்தது அந்தச் சிரிப்புக்காக அல்ல. நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாததால். கண்டி நகரம் முழுக்க ஒட்டியிருக்கிற நோட்டீஸில் மர்சூக் எடுத்த உங்கள் படம் இருக்கிறதே, கலகெதர பாடசாலையில் எடுத்தது. கையும் லாந்தரும் கலங்கிப்போய், முகம் மட்டும் தெரிகிற படம். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் படுத்து எழும்புகிறவள், ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவள் நான். போன் கவர் விற்கிற மர்சூக் ஒரேநாள் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படத்தில் நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள்?

நிரோஷா


அம்பிட்டிய
05.03.2024

நிரோஷாவுக்கு,

உன் கையெழுத்தில் என் பேரை முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வேலை நேரத்தில் கந்தோரில் மேசைக்குக் கீழே வைத்து இரண்டு தடவை வாசித்தேன். பக்கத்து மேசை ஆள் காதல் கடிதமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செய்திகளைச் சொல்கிறேன். சமைக்கிறேன். நேற்று பருப்பு அடிப்பிடித்தது. உன் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டுச் சுவரில் நீ மாட்டிய படங்களில் தூசி இல்லை.

சேதுராமன் சேர் குழுவைக் கூட்டினார். இனி நம் நாடகத்துக்கு மர்சூக்தான் படமெடுப்பார், உன் கமரா மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று முடிவு. நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். கமராவில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஏன் பொய் என்கிறேன் தெரியுமா? என் தவிட்டு நிற ஸ்வெட்டரை நீ அவசரத்தில் கதிரையில் விட்டுவிட்டுப் போனாய். எப்போதும்போல உனக்கு இடம் பிடிக்க மூன்றாம் வரிசை ஓரக் கதிரையில் நான் போட்டு வைத்த அதே ஸ்வெட்டர். அதன் பைக்குள் அன்றைய நாடக நோட்டீஸ் இருந்தது. நோட்டீஸின் மூலையில், என் பேருக்குப் பக்கத்தில், கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறது. வளைவு நெளிவு இல்லாமல் நேராக ஒட்டியிருக்கிறது. வியர்வையில் விழுகிற பொட்டு இப்படிப் போய் ஒட்டாது நிரோஷா.

யாருக்கும் காட்டவில்லை. அலுமாரியில், உன் வளையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

உன் கேள்விக்கு நான் அன்றைக்கே பதில் சொன்னேன். நீதான் நம்பவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

பிரதீஸ்


மடுல்கெல்ல
10.03.2024

பிரதீஸ் அவர்களுக்கு,

பொட்டு எங்கே ஒட்டியிருந்தது என்று துப்பறிகிற நேரத்தில் அடுப்பில் இருந்த பருப்பைப் பார்த்திருக்கலாம்.

மர்சூக்! மர்சூக்தான் இனி படமெடுப்பார்! அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்டியில் என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "அக்கா, ஒங்கட படங்களப் பார்த்துத்தான் நான் படிச்சேன்" என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். அந்தப் படம் வேலையா, அதிர்ஷ்டமா? லாந்தர் கலங்கியிருக்கிறது. தோள் கலங்கியிருக்கிறது. நான் அப்படி ஒரு படம் எடுத்திருந்தால் வீட்டுக்கு வரும் முன்னே அழித்திருப்பேன். அதற்குப் போய்க் கண்டி டவுன் பஸ் நிலையத்தில் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். ஒரு பெண், "இது உங்க வீட்டுக்காரர் தானே, நீங்களா எடுத்தீங்க?" என்று என்னிடமே கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இருட்டில், பிளாஷ் இல்லாமல் மேடையைப் படமெடுப்பது என்றால் என்னவென்று உங்களுக்குக்கூடத் தெரியாது. பிளாஷ் அடித்தால் வேலை சுலபம். ஆனால் பார்த்துப் பார்த்துப் போட்ட மேடை வெளிச்சம் செத்துப்போகும், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி முகம் வெள்ளையடித்துக்கொண்டு நிற்கும். அதனால் கமராவின் கண்ணை நீளத் திறந்து வைக்க வேண்டும். திறந்திருக்கிற அந்த நேரத்தில் நடிகர் ஒரு விரலை அசைத்தாலும் படம் கலங்கிவிடும். ஆக ஒரே வழிதான் உண்டு. ஆடுகிற ஆள் எந்த இடத்தில் நிற்பார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திரும்பி முடிகிற இடம், கை உயர்ந்து இறங்கப் போகிற இடம். அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்க வேண்டும்.

நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த முதல் நாடகத்தை விட்டால், ஒன்பது வருடத்தில் உங்கள் படம் ஒன்றுகூட எனக்குக் கலங்கியதில்லை. ஒன்றுகூட. மற்றவர்கள் கலங்குவார்கள், உங்களோடு நடிக்கிற ஜெயராஜ் எப்போதும் கலங்குவார், நீங்கள் கலங்கியதில்லை. உங்கள் உடம்பை நான் அவ்வளவு படித்து வைத்திருக்கிறேன். அதுதான் என் வேலை. அதுதான் என்னிடம் இருக்கிற ஒரே பெருமை. கல்யாண வீட்டில் கேக் வெட்டுகிறதை எடுப்பது சோற்றுக்கு.

அந்தப் பெருமையைத்தான் உங்கள் சேரும் நீங்களும் சேர்ந்து கலகெதரயில் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

யாரும் இல்லையாம். யாரும் இல்லாத இடத்தைப் பார்க்கிற முகமா அது?

நிரோஷா


அம்பிட்டிய
16.03.2024

நிரோஷா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதை உனக்கு ஒருநாளும் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் நீ மர்சூக்கின் வேலையை அதிர்ஷ்டம் என்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னையும் நீ ஒரு மரக்கட்டை என்று எழுதிவிட்டாய், உனக்கே தெரியாமல்.

நமக்குக் கல்யாணமான வருடம். அம்பிட்டிய வாசிகசாலையில் என் நாடகம். நீ முதல் தடவையாக மேடையைப் படமெடுத்தாய். எண்பது படம். எல்லாம் கலங்கல். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கமராவை வைத்துவிட்டு நீ அழுதாய். "எனக்கு இது வராதுங்க, வித்துருவோம்" என்றாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாடகத்தில் நீ எந்தக் கதிரையில் இருக்கிறாய் என்று முதலில் பார்த்துக்கொண்டேன். நீ படமெடுக்கப் போகும்போது வலது முழங்கையை விலாவோடு ஒட்டுவாய். இருட்டிலும் அது தெரியும். அதைக் கண்டால் நான் இருக்கிற இடத்தில் நின்று, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பிறகுதான் அடுத்த வசனம். அன்றிரவு நீ என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தீங்களா, ஒண்ணுகூட ஆடல" என்றாய். அதிலிருந்து நான் நிறுத்தவில்லை. உனக்கு இடம் பிடிக்க ஸ்வெட்டர் போடத் தொடங்கியதும் அதற்காகத்தான். நீ எங்கே இருக்கிறாய் என்று தேடாமல் இருக்கலாம்.

சேதுராமன் சேர் எத்தனை முறை திட்டியிருக்கிறார். "ஏன்யா நடுவுல நடுவுல செல மாதிரி நிக்கிற? ரயிலு ஒனக்காக நிக்குமா?" என்பார். ஞாபகம் வரவில்லை சேர், வசனம் தடுக்கிவிட்டது சேர் என்பேன். ஒன்பது வருடம் வசனம் மறக்கிறவன் என்று பேர் எடுத்திருக்கிறேன்.

கலகெதரயில் அன்றைக்கு நீ இல்லை. கட்டுகஸ்தோட்டையில் கல்யாண வீடு, முடிந்தால் வருவேன் என்றாய், வரவில்லை. நான் எண்ணவில்லை. ரயில் போனது, நானும் போனேன். அந்தப் படம் அதுதான். மர்சூக் என்னிடம் இருந்து ஒன்றையும் வாங்கவில்லை. நான் உனக்குக் கொடுக்காமல் இருந்ததை எடுத்தார்.

கண்டியில் உன் விளக்கு முகத்தில் அடித்தபோதும் நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன், ஒன்று என்று. அதனால்தான் கை அவ்வளவு பலமாக உயர்ந்தது.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் கிழிக்கப் போவதில்லை.

பிரதீஸ்


மடுல்கெல்ல
21.03.2024

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் நான் பாயை விட்டு எழும்பவில்லை. அம்மா எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுத்தார்.

முதலில் உங்களைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆளுக்குப் பிச்சை போடுவதென்றாலும் அவருக்குத் தெரியப் போட வேண்டாமா? ஒன்பது வருடம் நான் பெருமைப்பட்டதெல்லாம் உங்கள் தயவு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்ததெல்லாம் நீங்கள் எனக்காகக் காத்திருந்தது. இனி நான் எந்தக் கமராவைத் தூக்குவேன்?

பிறகு கமராப் பையில் இருந்த பழைய படங்களை எல்லாம் தங்கச்சியின் கணினியில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. இப்போது தெரிகிறது. ஒவ்வொரு படத்திலும் தெளிவாக, சுத்தமாக, அழகாக நிற்கிறீர்கள். ஒன்றில்கூட கேட்காரன் இல்லை. எல்லாவற்றிலும் பெண்சாதிக்குப் படம் நன்றாக வர வேண்டும் என்று நிற்கிற என் புருஷன்தான் இருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி.

மர்சூக்கின் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அது நல்ல படம்.

ஆகவே பொட்டு. நான்தான் எடுத்தேன். கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்பு, விரல் நகத்தால் கிளப்பி நோட்டீஸில் ஒட்டினேன். மர்சூக் மேடைக்குக் கீழே குந்தியிருந்தார். என் விளக்கு எரிந்தால் அவர் படத்தில் உங்கள் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழும், படம் கெடும், இன்னொரு கலகெதர நடக்காது என்று நினைத்தேன். உங்கள் கண் கூசும், சனம் சிரிக்கும், மட்டக்களப்புக்காரர்கள் எழும்பிப் போவார்கள் என்று ஒன்றையும் நினைக்கவில்லை. பொறாமை பிடித்தவளுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. சேதுராமன் சேரிடம் இதை நானே சொல்வேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

இனி ஒன்று கேட்கிறேன். அந்த முகம் எனக்கு ஒருமுறை வேண்டும். மர்சூக்கின் படத்தில் அல்ல, என் கண்ணால், என் கமராவில். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் நீங்கள் நின்றுவிடுவீர்கள், அது வராது. காளிமுத்து அண்ணன் சொன்னார், நாடகம் இனி மாத்தளையில், இங்கே மடுல்கெல்லவில், பிறகு மறுபடியும் கலகெதரயில் நடக்கிறதாம். மூன்றில் ஒன்றுக்கு நான் வருவேன். எது என்று சொல்ல மாட்டேன். எங்கே நிற்பேன் என்றும் சொல்ல மாட்டேன்.

எண்ணாதீர்கள்.

நிரோஷா


அம்பிட்டிய
02.04.2024

நிரோஷாவுக்கு,

நீ என் தொழிலைக் கெடுக்கவென்றே பிறந்தவள்.

மாத்தளையில் நான் மேடை ஏறியதில் இருந்து உன்னைத்தான் தேடினேன். கதவருகில் ஒரு சேலைக்காரி முழங்கையை ஒட்டினாள், உடனே நின்று எண்ணினேன். அவள் விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் ஒன்று மின்னியது, நின்றேன். யாரோ போன் பார்த்தார்கள். முன்பெல்லாம் நீ இருக்கிற பக்கம் மட்டும் நிற்பேன். இப்போது நாலு பக்கமும் நிற்கிறேன். நாடகம் பதினைந்து நிமிடம் நீண்டுவிட்டது.

மறுநாள் மடுல்கெல்ல. உன் ஊர், உன் வீட்டில் இருந்து நடக்கிற தூரம். அங்கேதான் வருவாய் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். ஸ்வெட்டரை வழக்கமான இடத்தில் போட்டேன். முன் வரிசையில் மாமி மட்டும் இருந்தார். இடைவேளையில் கேட்டேன். "அவ தலவலின்னு படுத்துருக்கா மாப்பிள, நீங்க நல்லா நடிங்க" என்றார். நான் நம்பவில்லை. கடைசிக் காட்சியில் மூன்று தடவை நின்றேன். லாந்தரே அணைந்துவிட்டது. உன் வீட்டுக்கு வந்திருப்பேன். குழுவின் வான் கிளம்பிவிட்டது. வான் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். நீ கூப்பிடவில்லை.

சேதுராமன் சேர் வானுக்குள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார், "கலகெதரக்கி மட்டக்களப்புக்காரங்க திரும்ப வாராங்க. அன்னைக்கும் நீ செல மாதிரி நின்னா அடுத்த நாள்ல இருந்து லாந்தர் ஜெயராஜ் கையில." ஜெயராஜ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வசனம் முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியும்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். நீ வரப் போவதில்லை. ஒன்பது வருடம் உன்னை ஏமாற்றினேன் என்ற கோபத்தில் என்னை அலையவிட்டுச் சிரிக்கிறாய். சரி, சிரி. சனிக்கிழமை கலகெதரயில் நான் யாரையும் தேட மாட்டேன். நீ வரவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மேடை ஏறுவேன்.

ரோஜாச் செடி பூத்திருக்கிறது. ஒன்றுதான்.

பிரதீஸ்


மடுல்கெல்ல
08.04.2024

என்னங்க,

வந்தேன்.

முதலில் மடுல்கெல்லவைச் சொல்கிறேன். எனக்குத் தலைவலி இல்லை. அம்மாவைப் பொய் சொல்ல வைத்தேன். லயத்து வாசலில் குந்திக்கொண்டு மைதானத்து ஸ்பீக்கரில் உங்கள் வசனத்தைக் கேட்டேன். "மழை வரும் போல இருக்கு," பிறகு ஒன்று, இரண்டு, "இன்னும் ரயிலக் காணோம்." அந்த ஒன்று இரண்டு எனக்குக் கேட்டது. இருட்டில் இருந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். ஒன்பது வருடமாக நாடகத்தின் நடுவில் என் பேரைக் கூப்பிடுகிற மாதிரி நின்றிருக்கிறீர்கள், எனக்குத்தான் காது இல்லை. அதனால்தான் அன்று வரவில்லை. நீங்கள் தேடுவதை விட வேண்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, அங்கிருந்து கலகெதர பஸ் பிடித்தேன். பாடசாலை வாசலில் யாரைக் கண்டேன்? மர்சூக்கை. ஓடி ஒளியலாம் என்று பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். என் கமராப் பையைப் பார்த்தார். சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் படத்தைக் கெடுக்கப் பார்த்தவள் நான். ஆனால் சொன்னேன். வாசலிலேயே, பொட்டு முழுக் கதையையும் சொன்னேன்.  அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நானும் ஒங்கட படங்களப் பார்த்துப் பல தரம் வயிறெரிஞ்சிருக்கேன் அக்கா. வாங்க, அன்னக்கி நான் நிண்ட எடத்தக் காட்டுறன். சேர் கண்டா ரெண்டு பேரையும் ஏசுவாரு."

மேடைக்கு வலப்பக்கம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். அங்கே என்னை விட்டுவிட்டு அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் இவ்வளவு நல்லவராக இருப்பதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் எப்போதும் முன்னால் இருந்துதான் உங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் உங்கள் முகமும் தெரியும், நீங்கள் பார்க்கிற சனமும் தெரியும். மண்டபம் நிறைந்து, பின்னால் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். மூன்றாம் வரிசை ஓரக் கதிரை மட்டும் காலி. அதில் தவிட்டு நிற ஸ்வெட்டர்.

தேட மாட்டேன் என்று எழுதியவர் ஸ்வெட்டரை ஏன் போட்டீர்கள்?

நீங்கள் நிற்கவில்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் இவ்வளவு காலம் படமெடுத்த ஆள் இவர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கமராவைத் தூக்கவே மறந்துபோனேன். கடைசிக் காட்சி வந்தது. பொட்டு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரயில் சத்தம் வந்தது. நீங்கள் லாந்தரைத் தூக்கினீர்கள், ரயில் நிற்கவில்லை, லாந்தர் இறங்கத் தொடங்கியது. அப்போது அந்த முகம் வந்தது. நோட்டீஸில் உள்ள அதே முகம். உங்கள் கண் போகிற இடத்தை நானும் பார்த்தேன்.

அந்தக் கதிரை.

போன தடவையும் ஸ்வெட்டர் போட்டு வைத்திருந்திருக்கிறீர்கள். கல்யாண வீடு முடிந்தால் வருவேன் என்று நான் சொன்னதை நம்பி, கடைசி ரயில் போகும்வரை பார்த்திருக்கிறீர்கள். யாரைப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டுக் கேட்டுச் சண்டை பிடித்தேன். யாரும் இல்லை என்று நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நான் இல்லை.

அமுக்கினேன்.  இந்தக் கடிதத்தோடு அந்தப் படத்தை வைத்திருக்கிறேன். லாந்தர் ஒரு கோடாக இழுபட்டிருக்கிறது, தோள் இல்லை, காது இல்லை. உங்கள் படம் எனக்குக் கலங்கியது இதுதான் முதல் தடவை, வாசிகசாலைக்குப் பிறகு. மர்சூக்குக்குக் காட்டினேன். கமராவை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம் பொறாமை தெரிந்தது. எனக்குப் பசி அடங்கின மாதிரி இருந்தது.

நீங்கள் சனத்தின் நடுவே இருந்தீர்கள். மட்டக்களப்புக்காரர்களில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். உங்கள் முன்னால் வந்து நிற்க அன்றைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி என்ன செய்வது என்று யோசித்துவிட்டேன். பொட்டைப் பற்றி நானே சொன்ன பிறகு சேதுராமன் சேர் மறுபடி உள்ளே விட்டால், நான் எங்கே நிற்பேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்தக் கதிரையில் இனி ஒருநாளும் உட்கார மாட்டேன். ஆனால் நீங்கள் ஸ்வெட்டரைப் போட்டு வையுங்கள், மட்டக்களப்பிலும். வெக்கையில் ஸ்வெட்டரைக் கண்டு அங்கே சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஒன்று மட்டும். மர்சூக் மேல் இருந்தது போய்விட்டது. இப்போது அந்தக் கதிரை மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒன்பது வருடம் நான் உட்கார்ந்திருந்து கிடைக்காததை அது சும்மா காலியாக இருந்தே வாங்கிவிட்டது.

வருசப் பிறப்புக்கு நம் வீட்டில் இருப்பேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கண்டி பஸ் நிலையத்துக்கு வாருங்கள். நான் இறங்குவதைக் கண்டதும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். ஒன்று, இரண்டு எண்ணுங்கள். கமரா பைக்குள்தான் இருக்கும்.

நிரோஷா